கல்லறை வாசலில் ஒரு கல்யாணத் தட்டு

போன மாதம் பேண்டு வாசிக்கிறவர்கள் மூன்று பேர் என்னைத் தேடி வந்தார்கள். கல்யாணம், மாதா தேர், சாவு எல்லாவற்றுக்கும் போகிறவர்கள். இப்போது அவர்களோடு ஒரு சின்ன லாரியும் போகிறது. அதில் கீபோர்டு, ஸ்பீக்கர், ஜெனரேட்டர் எல்லாம் உண்டு. தாளத்துக்கு ஒரு மிஷின் வைத்திருக்கிறார்கள். ஒருமுறை அமுக்கிவிட்டால் நாள் முழுக்க நடை மாறாமல் தட்டிக்கொண்டிருக்குமாம். முப்பத்தாறு வருஷம் சைடு டிரம் தட்டியவன் என்பதால் எனக்கு அதில் வருத்தம் இருக்கும் என்று நினைத்துத் தயங்கித் தயங்கிச் சொன்னார்கள். எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அந்த மிஷின் அன்றைக்கே வந்திருந்தால் ஆறு நாள் சோறு இறங்காமல் கிடந்திருக்க மாட்டேன்.

அவர்கள் வந்தது வேறு ஒன்றைக் கேட்க. எங்கள் பக்கத்து பேண்டுகளில் ஒரு வழக்கம் உண்டு. கல்லறைக்குப் போகும்போது சோக நடை. மண் போட்டுத் திரும்பும்போது ஒரு துள்ளல் நடை. இதை ஆரம்பித்தது யார் என்று அவர்களுக்குள் சண்டை. வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே உண்டு என்கிறார் ஒருவர். யாரோ ஒரு சாமியார் கொண்டுவந்தது என்கிறார் இன்னொருவர். இரண்டும் இல்லை. கொண்டுவந்தவர் ஷெஃப் லூர்துசாமி. முதல் நாளே அதைக் குட்டிச்சுவராக்கப் பார்த்தவன் நான். அதை எழுதித் தரச் சொன்னார்கள், எழுதுகிறேன்.

என் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பங்குக் கோயில் பேண்டில் குச்சி பிடிக்கக் கற்றேன். பிறகு புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் அரசாங்க பேண்டில் சேர்ந்தேன். ஐம்பத்து நாலில் கொடி மாறியது. கொடியை இறக்கியவர்களுக்கும் வாசித்தோம், ஏற்றியவர்களுக்கும் வாசித்தோம். அதன் பிறகு எங்களை யாரும் கூப்பிடவில்லை. சட்டையில் இருந்த பித்தளைப் பொத்தான்களை என் மனைவி பிடுங்கித் தலையணை உறைகளுக்குத் தைத்துவிட்டாள். அந்த நேரத்தில்தான் லூர்துசாமி தனியாக ஒரு பேண்டு கட்டி என்னை வரச் சொன்னார்.

ஷெஃப் என்றால் இந்தக் காலத்தில் சமையல்காரர் என்கிறார்கள். எங்களுக்கு அது தலைவர். லூர்துசாமி வாசித்தது கார்னெட். டிரம்பெட்டுக்குத் தம்பி மாதிரி குட்டையாக இருக்கும், சத்தம் கொஞ்சம் இதமாக இருக்கும். அவருக்கு அப்போது ஐம்பது வயது. வெயிலோ மழையோ கோட்டு போடாமல் தெருவில் இறங்க மாட்டார். யாரையும் திட்டியதில்லை. குரலை உயர்த்தி நான் கேட்டதும் அபூர்வம். நடுத்தெருவில் பேண்டை நிறுத்த வேண்டுமென்றால் மட்டும் 'அரே' என்று பிரெஞ்சில் ஒரு அதட்டல் போடுவார். பதினோரு வாத்தியமும் அந்த இடத்திலேயே நின்றுவிடும்.

திட்டாத மனுஷன் எப்படி வேலை வாங்கினார் என்றால், சிலேட்டால் வாங்கினார். குருசுக்குப்பத்தில் அவர் வீட்டுக் கூடத்தில் பள்ளிக்கூடத்துப் பெரிய சிலேட் ஒன்று தொங்கும். சனிக்கிழமை நாலு மணிக்கு ஒத்திகை. நாங்கள் உட்கார்ந்ததும் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைப்பார். சாக்பீஸை எடுத்து அந்த வாரத் தப்புகளை எழுதுவார். ஒவ்வொன்றுக்கும் ஒரே வரி. ஆள் பெயர், நடந்த இடம், தப்பு. 'சூசை, பெரிய மார்க்கெட் முனை, முந்திக்கொண்டான்.' சூசை என்றால் நான். வரி இவ்வளவுதான். எழுதிவிட்டு ஒரு வார்த்தை பேச மாட்டார். பெயர் வந்தவன் அந்த இடத்தை மூன்று தடவை சரியாக வாசித்துக் காட்டி, எழுந்துபோய்த் தன் வரியைத் தன் கையால் துடைக்க வேண்டும். வேறு யாரும் துடைக்கக் கூடாது. அதில் அவர் பெயரும் வரும். தான் செய்த தப்பைத்தான் எப்போதும் முதல் வரியாக எழுதுவார், மூன்று தடவை வாசிப்பார், துடைப்பார். அவர் பெயர் மேலே இருக்கும்போது கீழே இருக்கிறவனுக்கு என்ன ரோஷம் வரும்?

கொடி மாறிய பிறகு நோட்டு பார்த்து வாசிக்கத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகக் கப்பல் ஏறிவிட்டார்கள். புதிதாக வந்தவர்களில் ஒருவர் தையல்காரர், ஒருவர் தச்சர், மூன்று பேர் மில் தொழிலாளிகள். எல்லாரும் காதால் கேட்டு வாசிப்பவர்கள். கல்யாண வீடுகளில் சினிமாப் பாட்டு கேட்டார்கள். ஷெஃப் முகம் சுளிக்கவில்லை, உட்கார்ந்து கற்றுக்கொடுத்தார். ஆனால் தெருவில் நடந்துகொண்டே அடுத்து எந்தப் பாட்டு என்று பதினோரு பேருக்கும் எப்படிச் சொல்வது? அதற்கு நான்தான் தட்டுக் கணக்கு கண்டுபிடித்தேன். மூன்று தட்டு ஒரு சின்ன உருட்டு என்றால் சாவு நடை. இரண்டு தட்டு ஒரு நீள உருட்டு என்றால் பெண் அழைக்கிற சினிமாப் பாட்டு. இப்படி ஏழெட்டு வைத்திருந்தேன். என் குச்சி சொன்னால் அவர்கள் யோசிக்கக்கூட மாட்டார்கள், கை தானாக எழும். அதில் எனக்குப் பெருமை உண்டு. அந்தப் பெருமைதான் பின்னால் என்னைக் குப்புறத் தள்ளியது.

சாவுக்குப் போகும்போது டிரம்முக்கும் துக்கம் கட்டுவோம். மேலே கறுப்புத் துணி போர்த்துவோம். டிரம்மின் அடித்தோலை ஒட்டி இழுத்துக் கட்டிய நரம்புகள் இருக்கும். அவைதான் 'சர்' என்ற சத்தத்தைத் தருகின்றன. அந்த நரம்புக்கும் தோலுக்கும் நடுவில் ஒரு கைக்குட்டையை மடித்துச் செருகிவிட்டால் டிரம் தொண்டை கட்டிய மாதிரி 'தொம் தொம்' என்று மட்டும் பேசும். அடக்கம் முடிந்து பேண்டு கலைந்த பிறகு, கல்லறை வாசலிலேயே துணியை அவிழ்ப்பேன், கைக்குட்டையை உருவுவேன், திருகை முறுக்குவேன், நரம்பு சரியாக நிற்கிறதா என்று பார்க்க ஒரு தட்டுத் தட்டுவேன். காலையில் சாவு, சாயங்காலம் கல்யாணம் என்று போகிற பிழைப்பு. அதனால் சோதனைக்கு நான் தட்டுவது எப்போதும் அந்த இரண்டு தட்டும் நீள உருட்டும்தான். மற்றவர்கள் அதற்குள் வாத்தியத்தைப் பெட்டியில் போட்டிருப்பார்கள். அதனால் அது யாருக்கும் உத்தரவாகப் பட்டதில்லை.

இப்போது காபிரியேலைச் சொல்ல வேண்டும். ஷெஃப்புக்கு ஒரே சிநேகிதர் அவர்தான். இளவயதில் இருவரும் சைகோனில் ஒரு ஓட்டல் இசைக்குழுவில் இருந்தவர்கள். ஷெஃப் கார்னெட், காபிரியேல் டிரம். அதே குழுவில் அமெரிக்காவின் தெற்கே ஆற்றங்கரை ஊர் ஒன்றிலிருந்து வந்த கறுப்பர் ஒருவர் கார்னெட் வாசித்தார். இவர்கள் அவரை முசியே வில் என்பார்கள். ஓட்டலில் வெள்ளைக்காரர் ஜோடியாக ஆடுகிற வால்ஸ் வாசித்துவிட்டு, வேலை இல்லாத மத்தியானங்களில் அவர் தன் ஊர்ப் பழைய பாட்டுகளை வாசிப்பாராம். வயல்காட்டில் பாடியது, கோயிலில் பாடியது, சாவுக்குப் பாடியது. அவர்கள் ஊரில் ஒரு வாத்தியக்காரன் செத்தால் கல்லறை வரைக்கும் அழுகைப் பாட்டு. மண் விழுந்த பிறகு டிரம்காரன் கைக்குட்டையை உருவுவான். அதன்பிறகு ஊர் திரும்பும் வரை ஆட்டப் பாட்டு. போனவன் போய்ச் சேர்ந்துவிட்டான், இனி அவனுக்கு ஒரு கஷ்டமும் இல்லை என்று அதற்கு அர்த்தமாம். காபிரியேல் இதைச் சொல்லும்போதெல்லாம் தொடையில் தட்டிக் காட்டுவார்.

புதுச்சேரி திரும்பிய பிறகு ஷெஃப் அந்தப் பாட்டுகளைத் தொடவே இல்லை. கேட்க யார் இருந்தார்கள்? பிரெஞ்சுக்காரருக்கு வால்ஸ் வேண்டும், நம்மவர்களுக்கு சினிமா வேண்டும். காபிரியேலும் குச்சியை வைத்துவிட்டுக் கப்பல் சரக்கு இறக்குமிடத்தில் மேஸ்திரியாகப் போய்விட்டார். அவர் மனைவி தெரேசக்கா பேச்சில் கெட்டிக்காரி. சண்டைக் காலத்தில் சைகோனில் விளக்குக்கூட ஏற்ற முடியாத ஒரு நாளில் அவர்கள் கல்யாணம் நடந்தது. "பேண்டுக்காரனக் கட்டிக்கினு பேண்டு இல்லாம கோயிலுக்குப் போனவ உலகத்துலயே நான் ஒருத்திதான்" என்று நாங்கள் அந்தத் தெருவில் வாசித்துக்கொண்டு போகும்போதெல்லாம் வாசலில் நின்று சொல்லுவார். காபிரியேல் உள்ளே இருந்து இருமுவார்.

அறுபதாம் வருஷம் ஷெஃப்புக்குப் பல் போனது. ஈறு பழுத்து, மேல் வரிசை முழுக்க எடுக்க வேண்டியதாயிற்று. கார்னெட் வாசிக்கிறவனுக்கு உதடு முக்கியம் என்பார்கள். அந்த உதட்டை முட்டுக்கொடுத்து நிறுத்துவது முன்பல். பல் இல்லாவிட்டால் காற்று ஓரத்தில் பிய்த்துக்கொண்டு போகும். இரண்டாம் கார்னெட் ஆல்பெர் முதல் இடத்துக்கு வந்தார். ஷெஃப் கையில் ஒரு குச்சியோடு பேண்டுக்கு முன்னால் நடந்தார். சனிக்கிழமை சிலேட்டில் எங்கள் பெயர்கள் வந்தன, அவர் பெயர் வரவில்லை. வாசிக்காதவன் என்ன தப்பு செய்ய முடியும்? முதல் வரி இருந்த இடம் வெறுமையாகவே கிடந்தது. பழக்கத்தில் அவர் எங்கள் தப்புகளை இரண்டாவது வரியிலிருந்தே எழுதினார்.

அடுத்த வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நோணாங்குப்பத்துக்குப் போயிருந்தேன். என் தங்கையை அங்கேதான் கொடுத்திருந்தது. ஆற்றோரமாக நடந்தபோது தென்னந்தோப்புக்குள்ளிருந்து கார்னெட் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால், ஷெஃப். கோட்டைக் கழற்றி மரத்தில் மாட்டியிருந்தார். நான் அவரைக் கோட்டு இல்லாமல் பார்த்தது அன்றுதான். பக்கத்தில் ஒரு காகிதப் பொட்டலம் இருந்தது. பெரிய மார்க்கெட் நாட்டுமருந்துக் கடையில் வாங்கிய பிசின் பொடி. புதிதாகக் கட்டிய பல்செட்டு ஊதும்போது கழன்றுவிடுகிறது என்று பிசினைக் குழைத்து அண்ணத்தில் ஒட்டியிருந்தார். ஒட்டினால் அரைமணி நேரம் தாங்குமாம். ஆனால் அந்த அரைமணியும் வாயைத் திறந்து பேசக்கூடாது, பேசினால் விட்டுவிடும்.

என்னைப் பார்த்ததும் பல்செட்டைக் கழற்றிக் கைக்குட்டையில் வைத்துவிட்டு, பொக்கை வாயோடு சொன்னார்: "ஏற்ற பாட்டெல்லாம் போச்சு சூசை. மேல போனா பல்லு கையில வருது. முசியே வில்லு வாசிச்சது அஞ்சு சுரத்துக்குள்ளயே சுத்தி வர்ற பாட்டு. என் வாய்க்கு இப்ப அதான் மிச்சம்."

கார்னெட்டைக் கவிழ்த்து எச்சிலை உதறினார். "மிச்சம்னுதான் எடுத்தேன். வாசிக்க வாசிக்க, முப்பது வருஷமா இத வுட்டுட்டு இன்னாத்தடா வாசிச்சுக்கினு இருந்தோம்னு தோணுது."

யாரிடமும் சொல்லாதே என்றார். கூட்டத்தில் வாசித்து நடுவில் பல் விழுந்தால் அதோடு கார்னெட்டை ஆற்றில் போட்டுவிடுவேன் என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனால் அது வேடிக்கையாக எனக்குப் படவில்லை.

அந்த மழைக்காலத்தில் காபிரியேல் ஈரல் கெட்டுப் படுக்கையாகிவிட்டார். ஒருநாள் ஷெஃப்பையும் என்னையும் கூப்பிட்டனுப்பினார். தெரேசக்கா கஞ்சிக் கிண்ணத்தோடு நின்றுகொண்டிருந்தார். காபிரியேல், தன்னைப் புதைத்துவிட்டுத் திரும்பும்போது வில்லின் பாட்டை வாசிக்க வேண்டும் என்று கேட்டார். ஆல்பெரை நன்றாகப் பழக்கிவிடுகிறேன் என்றார் ஷெஃப்.

"ஆல்பெர் வாணாம். நீ வாசி. இல்லன்னா சும்மா வந்துடுங்க" என்றார் காபிரியேல்.

ஷெஃப் தலையை ஆட்டினார். அக்கா கிண்ணத்தை வைத்துவிட்டு எங்கள் இருவரையும் பார்த்தார். "அவரு கேக்கிறாரு, செய்ங்க. ஆனா ஊரு சிரிக்கக் கூடாது. எம்புருசன் சாவுல ஒருத்தன் சிரிச்சாலும் நான் தாங்க மாட்டேன்."

பங்குச் சாமியாரைக் கேட்டோம். கல்லறைக்குள் ஒரு சத்தமும் கூடாது, வாசலைத் தாண்டினால் அது முனிசிபாலிட்டி ரோடு, எனக்குத் தெரியாது என்றார். அது போதும் எங்களுக்கு. மூன்று சனிக்கிழமை ஒத்திகை நடந்தது. ஷெஃப் வாயால் பாடிக் காட்டினார், ஆல்பெர் வாசித்தார். தோ, ரே, மி, ஸோல், லா, நம் கணக்கில் ச ரி க ப த, அவ்வளவே சுரம். இரண்டாவது தட்டும் நாலாவது தட்டும் கனமாக விழ வேண்டும். ஜன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டு நின்ற கோயில் நாதஸ்வரக்காரர் ஒருவர், "மோகனத்த ஏன்யா நொண்ட வுடறீங்க" என்று கேட்டார். ஷெஃப் அன்றைக்கு வாய்விட்டுச் சிரித்தார். இந்தப் பாட்டுக்குத் தட்டு புதிதாக வைத்தோம். டிரம் விளிம்பில் மூன்று, தோலில் ஒன்று. முதல் சுற்று கார்னெட் மட்டும், அப்புறம் எல்லாரும். அந்தக் கார்னெட் ஆல்பெருடையது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். எனக்கு மட்டும் தெரியும்.

காபிரியேல் ஒரு வெள்ளிக்கிழமை போனார். சனிக்கிழமை காலை அடக்கம். கோயிலிலிருந்து உப்பளம் கல்லறைக்குச் சாவு நடையில் போனோம். ஷெஃப் கார்னெட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, வாசிக்காமல் முன்னால் நடந்தார். மந்திரம் முடியப் போகிற சமயத்தில் ஒரு மரத்துக்குப் பின்னால் போய்ப் பல்லை ஒட்டிக்கொண்டு வந்தார். அப்போது பார்த்து சைகோன் உறவுக்காரர் ஒருவர் பிரெஞ்சில் பிரசங்கம் ஆரம்பித்தார். நான் மனதுக்குள் நிமிஷத்தை எண்ணினேன். கால்மணி நேரம் போயிற்று. ஷெஃப்பின் தாடை இறுகி இருந்தது. கண் மட்டும் என்னைப் பார்த்தது.

ஒருவழியாக மண் போட்டார்கள். வெளியே வந்து வாசலில் வரிசையாக நின்றோம். பின்னால் முக்காடு போட்ட தெரேசக்கா, உறவு, ஊர் எல்லாம் நின்றது. ஷெஃப் ஆல்பெரைக் கையால் ஒதுக்கிவிட்டுத் தானே முதல் இடத்துக்கு வந்தார். பேண்டே திகைத்துப்போயிற்று. சீக்கிரம் என்று எனக்குக் கண் காட்டினார். பிசின் விட்டுக்கொண்டிருந்தது போல. கறுப்புத் துணியை அவிழ்த்தேன். கைக்குட்டையை உருவினேன். திருகை முறுக்கினேன்.

பிறகு என் கை தன் பாட்டுக்கு, ஆறேழு வருஷமாக அந்த வாசலில் செய்ததைச் செய்தது. இரண்டு தட்டு, ஒரு நீள உருட்டு.

வாத்தியத்தை வாயில் வைத்துக்கொண்டு உத்தரவுக்காக நின்றவர்கள் ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. கிளாரினெட், டிராம்போன், பெரிய டிரம் எல்லாம் சேர்ந்து, கல்லறை வாசலில், பெண் அழைக்கிற பாட்டை முழங்கின. நன்றாகவும் வாசித்தார்கள், பாவிகள். எதிரே சைக்கிள் ரிக்‌ஷாக்காரர் ஒருவர் முதலில் சிரித்தார். அப்புறம் கூட்டத்திலேயே நாலைந்து பேர். தெரேசக்காவின் தம்பி என்னை நோக்கி வேகமாக வந்தார்.

நான் ஷெஃப்பைப் பார்த்தேன். அந்த ஒரு 'அரே' போதும், பேண்டு நின்றுவிடும். ஆனால் அவரால் வாயைத் திறக்க முடியாது. திறந்தால் பல் விழும், பல் விழுந்தால் காபிரியேலுக்குக் கொடுத்த வாக்கு போகும். கையை ஆட்டினார். பாட்டு மும்முரத்தில் யாரும் பார்க்கவில்லை. நான் தட்டுவதை நிறுத்தினேன். பெரிய டிரம் என்னை நம்பாமல் தானாகவே ஓடியது. செத்தோம் என்று நினைத்தேன். காபிரியேலின் கடைசி ஆசையை, ஷெஃப்பின் கடைசி வாசிப்பை, அக்காவின் மானத்தை, மூன்றையும் ஒரே உருட்டில் தொலைத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அப்போது ஷெஃப் திரும்பி பேண்டைப் பார்த்து நின்றார். கார்னெட்டைத் தூக்கி உதட்டில் வைத்தார். 'லா' பிடித்தார்.

அந்த முதல் லா கொஞ்சம் தாழ்ந்துதான் இருந்தது. ஆனால் ஒன்றரை வருஷம் கேட்காத சத்தம். அதைப் பிடித்துக்கொண்டே நின்றார், விடவில்லை. முதலில் ஆல்பெர் நிறுத்தினார். அப்புறம் கிளாரினெட், அப்புறம் பெரிய டிரம். டிராம்போன்காரர் கண்ணை மூடி வாசிக்கிற ஆள், அவர் மட்டும் இன்னும் கொஞ்ச தூரம் பெண்ணை அழைத்துக்கொண்டு போனார், பக்கத்திலிருந்தவர் முழங்கையால் இடித்த பிறகு நின்றார். கார்னெட் மட்டும் மிச்சமிருந்தது. லாவிலிருந்து ஸோலுக்கு இறங்கி, மெல்ல மெல்ல அந்த ஐந்து சுரத்துக்குள் சுற்றியது. ரிக்‌ஷாக்காரர் சிரிப்பை நிறுத்தித் தலைத் துண்டை எடுத்துவிட்டார். என்மேல் கை வைக்க வந்த தம்பி நடுவழியில் நின்றுவிட்டார்.

நான் விளிம்பில் மூன்று தட்டினேன், தோலில் ஒன்று. நடந்தோம். இரண்டாம் சுற்றில் எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். வாய்க்கால் பாலம் வரைக்கும் ஷெஃப் வாசித்தார். அங்கே கைக்குட்டையை வாயில் பொத்திக்கொண்டு ஆல்பெருக்குக் கை காட்டினார். மீதியை ஆல்பெர் பார்த்துக்கொண்டார்.

அன்றைக்கு ஒத்திகை இல்லை. யாரும் என்னோடு பேசவில்லை. தெரேசக்கா என் பக்கம் திரும்பவும் இல்லை. வீட்டுக்குப் போய்ப் படுத்தேன். சோறு இறங்கவில்லை. கடைத்தெருவுக்குப் போனால் எவனாவது அந்தச் சினிமாப் பாட்டைச் சீட்டியடிப்பான் என்று வெளியே தலை காட்டவில்லை. டிரம்மை மூலையில் திருப்பி வைத்துவிட்டேன். இனிமேல் குச்சி பிடிப்பதில்லை என்று மனைவியிடம் சொன்னேன். ரொம்ப நல்லது என்றாள் அவள்.

வெள்ளிக்கிழமை ஏழாம் நாள் பூசை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, முடிந்ததும் நழுவப் பார்த்தேன். தெரேசக்கா வாசல் தூணோரம் எனக்காகவே நின்றுகொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"இருவது வருசமா அவரச் சொல்லிக்காட்டினேன், எங் கல்யாணத்துக்கு பேண்டு வெக்கலன்னு. சாவற அன்னிக்கும் சொன்னேன், பாவி நான். மண்ணு போட்டுட்டு வாசலாண்ட வந்து நிக்கிறேன், பொண்ணு அழைக்கிற பாட்டு வருது." முக்காட்டால் கண்ணைத் துடைத்தார். "ஊரு சிரிச்சுச்சு. எனக்கும்தான் சிரிப்பு வந்துச்சு, முக்காட்டுக்குள்ள சிரிச்சேன். அவரே அனுப்பி வெச்ச மாதிரி இருந்துச்சுடா. இனிமே அவரச் சொல்லிக்காட்ட எனக்கு ஒண்ணும் இல்ல."

அந்தத் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதேன். ஆறு நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாறை இறங்கிவிட்டது. அன்று மத்தியானம் மூன்று தட்டு சோறு தின்றேன். மனைவி குழம்பை நகர்த்தி வைத்தாள்.

மறுநாள் சனிக்கிழமை, நாலு மணி. ஷெஃப் கோட்டோடு வந்தார், கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தார், சாக்பீஸை எடுத்தார். ஒன்றரை வருஷமாக வெறுமையாகக் கிடந்த முதல் வரியில் எழுதினார்: 'லூர்துசாமி, கல்லறை வாசல், முதல் லா தாழ்ந்தது.' அடுத்த வரி: 'சூசை, கல்லறை வாசல், கல்யாணம்.'

ஆல்பெர்தான் முதலில் சிரித்தார். அப்புறம் எல்லாரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். சத்தம் அடங்கியதும் தெரேசக்கா சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் ஷெஃப்பிடம் சொன்னேன். அவர் கேட்டுவிட்டுச் சிலேட் பக்கம் திரும்பினார். பிறகு கோட்டு நுனியால் என் வரியைத் துடைத்தார். மற்றவன் வரியை அவர் துடைத்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"அது தப்புல சேராது" என்றார்.

பையிலிருந்து பொட்டலத்தை எடுத்து, எங்கள் எல்லார் முன்னாலும், ஒளிக்காமல், பிசினைக் குழைத்துப் பல்லை ஒட்டிக்கொண்டார். லா பிடித்தார். மூன்று தடவை பிடித்தார். மூன்றும் கம்பி மாதிரி நேராக நின்றது. தன் வரியைத் துடைப்பார் என்று காத்திருந்தோம். துடைக்கவில்லை. பல்லைக் கழற்றிக் கைக்குட்டையில் வைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

மூன்று தடவை சரியாக வந்துவிட்டதே ஷெஃப், துடைக்கலாமே என்றேன்.

"வந்துச்சு வந்துச்சு. எம்பேர் அங்க கொஞ்ச நாள் இருக்கட்டும்டா" என்றார்.